"ஆன் ஐதர் சைடு" என்றால் ஒரு பக்கமா, இரண்டு பக்கமா? ஈச், எவ்ரி, ஐதர், நைதர் குழப்பங்களுக்கான இழை

பனியன்சிட்டி:
எல்லோருக்கும் வணக்கம். திருப்பூரில் ஏற்றுமதி கம்பெனி ஒன்றில் மெர்ச்சண்டைசர் வேலை. சரக்கு வாங்குகிற பையர் அனுப்பிய பேக்கிங் குறிப்பில் ஒரு வரி: "அஃபிக்ஸ் கார்ட்டன் ஸ்டிக்கர் ஆன் ஐதர் சைடு." பேக்கிங் சூப்பர்வைசர் அண்ணன், ஏதாவது ஒரு பக்கம் ஒட்டினால் போதும் என்கிறார். குவாலிட்டி பார்க்கும் அக்கா, இரண்டு பக்கமும் ஒட்ட வேண்டும் என்று அடித்துச் சொல்கிறார். சொல்லிவிட்டு இரண்டு பேரும் என் முகத்தைப் பார்க்கிறார்கள். பையருக்கு மெயில் போட்டுவிட்டேன். அங்கே இன்னும் விடியவில்லை.

இன்னொன்று. அதே தாளில் ஓர் இடத்தில் "ஈச் கார்ட்டன்" என்றும் இன்னோர் இடத்தில் "எவ்ரி கார்ட்டன்" என்றும் இருக்கிறது. இரண்டும் ஒன்றுதானா, இல்லை இதில் ஏதாவது உள்குத்து இருக்கிறதா?

கோட்பாடு404:
ஒரு பக்கம் போதும். ஐதர் என்றால் இதுவோ அதுவோ. பள்ளிக்கூடத்தில் படித்ததுதானே.

சாக்பீஸ்:
அவசரப்படாதீர்கள் தம்பி. பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்தவர்களில் நானும் ஒருவன். பாதியைத்தான் சொல்லிக்கொடுத்தோம்.

ஐதர் என்ற சொல்லின் பழைய பொருளே "இரண்டில் ஒவ்வொன்றும்" என்பதுதான். "இதுவோ அதுவோ" என்பது பின்னால் வந்து ஒட்டிக்கொண்டது. ஒட்டிக்கொண்டது வீட்டையே எழுதி வாங்கிவிட்டது, மூத்த பொருள் சில இடங்களில் மட்டும் குடியிருக்கிறது. சைடு, எண்ட், ஹேண்ட், பேங்க் மாதிரி இயல்பாகவே இரண்டாக இருக்கிற சொற்களுக்கு முன்னால் அதைப் பார்க்கலாம். 1611-இல் வந்த கிங் ஜேம்ஸ் பைபிளில் சிலுவைக் காட்சியைப் பாருங்கள், யோவான் 19:18. இயேசு நடுவில், மற்ற இருவர் "ஆன் ஐதர் சைடு ஒன்". ஏதோ ஒரு பக்கத்தில் ஒருவன் என்று யாராவது படிப்பார்களா? இந்தப் பக்கம் ஒருவன், அந்தப் பக்கம் ஒருவன்.

எப்படிப் பிரித்தறிவது? வாக்கியம் இருப்பதை வர்ணிக்கிறதா, தேர்ந்தெடுக்கச் சொல்கிறதா என்று பாருங்கள். "தேர் ஆர் ஷாப்ஸ் ஆன் ஐதர் சைடு ஆஃப் த ரோடு" என்றால் சாலையின் இருபுறமும் கடைகள். "யூ கேன் பார்க் ஆன் ஐதர் சைடு" என்றால் எந்தப் பக்கம் வேண்டுமானாலும் வண்டியை நிறுத்திக்கொள். ஒரே மூன்று சொற்கள்தான், முன்னால் நிற்கிற வினை பொருளை மாற்றிவிடுகிறது.

இப்போது உங்கள் வரிக்கு வருவோம். "அஃபிக்ஸ்" என்பது கட்டளை. வர்ணனையும் இல்லை, அனுமதியும் இல்லை. அதனால் சூப்பர்வைசரையும் குறை சொல்ல முடியாது, குவாலிட்டி அக்காவையும் குறை சொல்ல முடியாது. எழுதினவன் "போத் சைட்ஸ்" என்றோ "ஒன் சைடு" என்றோ எழுதித் தொலைத்திருக்க வேண்டும்.

பனியன்சிட்டி:
அப்போ பதில் வருகிற வரைக்கும் பெட்டியை அப்படியே வைத்திருப்பதா சார்?

சாக்பீஸ்:
இரண்டு பக்கமும் ஒட்டிவிட்டால் இரண்டு அர்த்தத்துக்கும் பொருந்தும். ஒரு பக்கம் மட்டும் ஒட்டினால் ஓர் அர்த்தத்துக்குத்தான் பொருந்தும். கூடுதல் செலவு பெட்டிக்கு ஒரு ஸ்டிக்கர்.

கோட்பாடு404:
சரி சார், வாபஸ். ஆனால் ஈச், எவ்ரி கேள்விக்கு என்னிடம் பதில் இருக்கிறது. ஜாவாஸ்கிரிப்ட் எழுதுகிறவர்களுக்கு இது தெரிந்திருக்கும். ஒரு பட்டியலின் மேல் "ஃபார் ஈச்" என்று ஓட்டினால், உள்ளே இருப்பதை ஒவ்வொன்றாக எடுத்து ஏதோ ஒரு வேலையைச் செய்யும். மொத்தத்தைப் பற்றி அதற்கு ஒரு கருத்தும் கிடையாது. அதே பட்டியலின் மேல் "எவ்ரி" என்று ஓட்டினால், ஒவ்வொன்றையும் சோதித்துவிட்டு "எல்லாமே தேறியது" அல்லது "தேறவில்லை" என்று மொத்தத்துக்கும் சேர்த்து ஒரே பதில் சொல்லும். ஒன்று தவறினாலும் பொய் என்று சொல்லிவிட்டு அங்கேயே நின்றுவிடும்.

ஆங்கிலத்திலும் வித்தியாசம் அதேதான் என்று நினைக்கிறேன். ஈச் தனித்தனியாகப் பார்க்கிறது. எவ்ரி, தனித்தனியாகப் பார்த்துவிட்டு ஒன்றுவிடாமல் கூட்டிக் காட்டுகிறது.

சாக்பீஸ்:
பிரமாதம். நான் வகுப்பில் இப்படிச் சொல்லியிருந்தால் பின்வரிசைப் பையன்கள் தூங்கியிருக்க மாட்டார்கள். பழைய ஆங்கிலத்தில் எவ்ரி என்பதே "எவர்" என்ற சொல்லும் "ஈச்" என்ற சொல்லும் சேர்ந்து பிறந்ததுதான். ஈச் அதற்குள்ளேயே இருக்கிறது.

உங்கள் தாளில் இருப்பதில் உள்குத்து ஒன்றும் இல்லை பனியன்சிட்டி. "ஈச் கார்ட்டன் மஸ்ட் கண்டெய்ன் 24 பீசஸ்", "எவ்ரி கார்ட்டன் மஸ்ட் பி சீல்டு": இரண்டையும் இடம் மாற்றிப் போட்டாலும் பெட்டிக்குள் ஒன்றும் மாறாது. பெரும்பாலான இடங்களில் மாற்றிப் போடலாம். போட முடியாத இடங்களை மட்டும் தெரிந்துகொண்டால் போதும். இரண்டே இரண்டு பொருள் இருந்தால் எவ்ரி வராது. "ஷி ஹேட் எ பேங்கிள் ஆன் ஈச் ரிஸ்ட்" சரி. "எவ்ரி ரிஸ்ட்" என்றால் அம்மனுக்குத்தான் பொருந்தும். ஆல்மோஸ்ட், நியர்லி, நாட் மூன்றும் எவ்ரியோடுதான் சேரும், "ஆல்மோஸ்ட் ஈச் ஹவுஸ்" என்று யாரும் சொல்வதில்லை. இத்தனை நாளுக்கு ஒருமுறை என்று கணக்குச் சொல்லவும் எவ்ரிதான்: "எவ்ரி டென் மினிட்ஸ்". ஒருமையைத் தவிர வேறொன்றையும் தொடாத சொல், எண் வந்துவிட்டால் மட்டும் பன்மையோடு கூடிக்கொள்கிறது. அதேபோல "யூ ஹேவ் எவ்ரி ரைட் டு ஆஸ்க்" என்பதில் ஈச் போட்டால் வாக்கியம் செத்துவிடும், அங்கே எண்ணிக்கையே கிடையாது, "முழு உரிமை" என்ற அழுத்தம்தான்.

ஈச்சுக்கு என்ன தனிச்சலுகை என்றால், அது துணையில்லாமல் நிற்கும். "ஈச் ஹேஸ் இட்ஸ் யூஸ்" சரி. "எவ்ரி ஹேஸ்" தவறு, "எவ்ரி ஒன்" என்று ஓர் ஊன்றுகோல் வேண்டும். "ஈச் ஆஃப் தெம்" சரி, "எவ்ரி ஆஃப் தெம்" கிடையாது, "எவ்ரி ஒன் ஆஃப் தெம்".

ஓரெழுத்து:
நன்னூலில் இதற்குச் சொந்தக்காரர் ஒருவர் இருக்கிறார். ஒன்று ஒன்று என்று அடுக்கினால் ஒவ்வொன்று, இரண்டு இரண்டு என்றால் இவ்விரண்டு, மூன்று மூன்று என்றால் மும்மூன்று, நந்நான்கு, ஐயைந்து, எவ்வெட்டு, பப்பத்து. "ஆளுக்கு மும்மூன்று இட்லி" என்று சொன்னால் ஆங்கிலத்தின் "த்ரீ ஈச்" ஒரே சொல்லில் முடிந்தது. ஒன்பதுக்கு மட்டும் இந்தச் சலுகை இல்லை, ஒன்பதொன்பது என்றுதான் சொல்ல வேண்டும். பவணந்தி முனிவர் ஒன்பதை ஒதுக்கிவிட்டுத்தான் விதியையே தொடங்குகிறார்.

கோட்பாடு404:
இன்று மெஸ்ஸில் போய் மும்மூன்று இட்லி கேட்டுப் பார்க்கிறேன்.

இரவுப்பணி:
சவுதியில் நர்ஸ். அந்த "ஐதர்" எங்களிடம் வந்தால் ஸ்டிக்கரோடு போகாது. காதுக்குச் சொட்டு மருந்து எழுதும்போது "ஐதர் இயர்" என்று யாராவது எழுதினால் எந்தக் காதில் விடுவது? அதனால்தான் "ரைட் இயர்", "லெஃப்ட் இயர்", "போத் இயர்ஸ்" என்று முழுதாக எழுதச் சொல்வார்கள். பழைய லத்தீன் சுருக்கம் ஏ.யு. என்றால் இரண்டு காதும், ஓ.யு. என்றால் இரண்டு கண்ணும். கையெழுத்தில் இரண்டும் ஒன்றுபோல இருக்கும். பிழைக்கு இடம்கொடுக்கிற சுருக்கங்கள் பட்டியலில் இரண்டுமே உண்டு.

எவ்ரியிலும் இதே தொல்லை. க்யூ.டி. என்றால் தினமும், அதாவது "எவ்ரி டே". க்யூ.ஓ.டி. என்றால் "எவ்ரி அதர் டே", ஒருநாள் விட்டு ஒருநாள். நடுவில் ஓர் எழுத்துத்தான். ஒருநாள் விட்டு ஒருநாள் போட வேண்டிய மாத்திரையைத் தினமும் கொடுத்தால் மருந்து இரட்டிப்பாகிவிடும். அமெரிக்காவில் மருத்துவமனைகளுக்குத் தரச்சான்று கொடுக்கிற ஜாயிண்ட் கமிஷன் 2004-இல் போட்ட "எழுதக் கூடாதவை" பட்டியலில் இந்த இரண்டு சுருக்கமும் இருக்கிறது. எங்கள் வார்டில் அந்தத் தாள் மருந்து டிராலிக்கு மேலேயே ஒட்டியிருக்கும்.

பனியன்சிட்டி:
அக்கா, படிக்கவே பயமாக இருக்கிறது. எங்களிடம் ஸ்டிக்கரோடு போய்விடும்.

பதில் வந்துவிட்டது. "போத் லாங் சைட்ஸ், ப்ளீஸ்." குவாலிட்டி அக்கா ஜெயித்தார். சூப்பர்வைசர் அண்ணன், "அதை முதலிலேயே எழுதியிருக்கலாமில்ல" என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார்.

விஷயம் முடிந்தது, ஆனால் இன்னொன்றையும் கேட்டுவிடுகிறேன். லேப் டிப், அதாவது கலர் பார்க்கச் சாயம் போட்ட துணி மாதிரி, அனுப்பும்போது ஒரே கலருக்கு ஏ, பி என்று இரண்டு ஆப்ஷன் அனுப்புவோம். எங்கள் ஆபீசிலிருந்து டையிங் யூனிட்டுக்குப் போகிற மெயிலில் "போத் ஆப்ஷன்ஸ் ஆர் நாட் அப்ரூவ்டு" என்றுதான் எல்லோரும் எழுதுகிறோம். புதிதாக வந்த ஒரு பெண் அதைப் படித்துவிட்டு, "அப்படியானால் ஒன்று அப்ரூவ் ஆகியிருக்கிறதா?" என்று கேட்டாள். அவள் கேட்டது சரியா?

சாக்பீஸ்:
அந்தப் பெண்ணுக்கு ஒரு சபாஷ். இந்த இழையில் இதுவரை பேசியதையெல்லாம்விட இதுதான் முக்கியம். ஈச்சா எவ்ரியா என்று நம்மவர்கள் மண்டையை உடைத்துக்கொள்கிறார்கள், மாற்றிப் போட்டாலும் பெரிய சேதம் வராது. இல்லை என்று சொல்லும் இடத்தில்தான் சேதம்.

"எல்லாரும் வரவில்லை" என்று தமிழில் சொன்னால் என்ன அர்த்தம்? ஒருவரும் வரவில்லை என்றும் எடுக்கலாம், சிலர் வந்தார்கள் சிலர் வரவில்லை என்றும் எடுக்கலாம். நாம் குரலை வைத்தே பிரித்துவிடுகிறோம். "எல்லாரும்" என்பதில் அழுத்தம் விழுந்தால் சிலர் வந்தார்கள் என்று பொருள். மெயிலில் குரல் கிடையாது. அதை அப்படியே ஆங்கிலத்தில் இறக்கினால் "எவ்ரிஒன் டிட் நாட் கம்" என்று வரும். படிக்கிறவன் திணறுவான்.

ஆங்கிலத்தில் இதற்குத் தனித்தனிக் கதவு வைத்திருக்கிறார்கள். சிலர் வந்தார்கள், சிலர் வரவில்லை என்றால் நாட் என்ற சொல்லை முன்னால் தள்ளுங்கள்: "நாட் எவ்ரிஒன் கேம்." ஒருவருமே வரவில்லை என்றால் "நோ ஒன் கேம்." இரண்டு பொருள் மட்டும் இருந்து இரண்டுமே இல்லை என்றால் நைதர்: "நைதர் ஆப்ஷன் இஸ் அப்ரூவ்டு." மூன்று, அதற்கு மேல் என்றால் "நன் ஆஃப் த ஆப்ஷன்ஸ்". ஏ தேறியது, பி தேறவில்லை என்றால் நேரடியாக அதையே எழுதிவிடுங்கள்.

இன்னொரு பழக்கமும் உண்டு. "ஈச் சாம்பிள் இஸ் நாட் ஓகே" என்று எழுதுவது. ஈச்சுக்கும் எவ்ரிக்கும் பின்னால் நாட் போடுவதைக் கூடிய மட்டும் தவிர்த்துவிடுங்கள். இலக்கணப்படி அது பெரிய குற்றம் இல்லை. ஆனால் படிக்கிற இரண்டு பேர் இரண்டு விதமாகப் புரிந்துகொண்டால், சாயம் போட்ட துணியை யார் தலையில் கட்டுவது?

பனியன்சிட்டி:
"நைதர் ஆப்ஷன் இஸ் அப்ரூவ்டு, ப்ளீஸ் ரீசப்மிட்." பிரிண்ட் எடுத்து மானிட்டரில் ஒட்டிவிட்டேன்.

தேர்வுக்குருவி:
சார், நான் வங்கித் தேர்வுக்கும் எஸ்.எஸ்.சி.க்கும் படிக்கிறேன். பிழை கண்டுபிடிக்கும் கேள்விகளில் இது வராமல் இருக்காது. எனக்குப் புரியாதது ஒன்றுதான். "ஈச் ஆஃப் த பாய்ஸ் ஹேஸ்" என்கிறார்கள். பாய்ஸ் பன்மைதானே, ஹேவ் ஏன் இல்லை? அப்புறம் "தே ஈச் ஹேவ்" என்று இன்னொரு இடத்தில் பார்த்தேன். எது சரி?

சாக்பீஸ்:
இரண்டும் சரி தம்பி. எழுவாய் யார் என்று கேளுங்கள். முதல் வாக்கியத்தில் ஈச்தான் எழுவாய், "ஆஃப் த பாய்ஸ்" அதற்குப் பின்னால் நிற்கிற கூட்டம். ஈச் ஒருமை, ஆகவே ஹேஸ். இரண்டாவதில் தே எழுவாய். ஈச் நடுவில் நுழைந்து பங்கு பிரிக்கிறது, அவ்வளவுதான். தே பன்மை, ஆகவே ஹேவ்.

ஆஃப் வந்தால் பின்னால் பன்மைப் பெயர், ஆஃப் இல்லாவிட்டால் ஒருமைப் பெயர்: "ஈச் பாய்", "ஈச் ஆஃப் த பாய்ஸ்". நம் ஊரில் "ஒன் ஆஃப் மை ஃப்ரெண்ட்" என்று சொல்கிற பழக்கமும் இதே வழுக்கலில் வருவதுதான். "எவ்ரி பாய் அண்ட் எவ்ரி கேர்ள்" என்று இரண்டு பேரைச் சேர்த்தாலும் ஹேஸ்தான். "நைதர் த மேனேஜர் நார் த வொர்க்கர்ஸ் வேர்" என்று வந்தால் மட்டும் வினை பக்கத்து வீட்டுக்காரரைப் பார்க்கும்: வொர்க்கர்ஸ் பக்கத்தில் இருப்பதால் வேர். இடம் மாற்றினால் வாஸ்.

"நைதர் ஆஃப் தெம் ஆர்" என்று ஆங்கிலேயர்களே பேசுவதைக் கேட்பீர்கள். பேச்சில் அது தாராளமாகப் புழங்குகிறது. தேர்வில் இஸ் போட்டு மதிப்பெண்ணை வாங்கிக்கொண்டு வெளியே வாருங்கள், சண்டையை அப்புறம் வைத்துக்கொள்ளலாம்.

ஓரெழுத்து:
இதைப் பற்றி எனக்கு ஒரு புகார். "எவ்ரி ஸ்டூடண்ட்ஸ்" என்று எழுதினால் தமிழ்வழி படித்தவன் என்று சிரிக்கிறார்கள். தமிழ் அப்படிச் சொல்லவே இல்லை. "ஒவ்வொரு மாணவனும் வந்தான்" என்பதுதான் தமிழ். பெயரும் ஒருமை, வினையும் ஒருமை, ஆங்கிலத்தில் இருப்பது போலவேதான். "ஒவ்வொரு மாணவர்களும் வந்தார்கள்" என்று மேடையிலும் தொலைக்காட்சியிலும் பேசிப் பேசி அது காதில் ஏறிவிட்டது. தமிழில் செய்கிற பிழையை ஆங்கிலத்திலும் செய்கிறோம், பழியை மட்டும் தாய்மொழி மேல் போடுகிறோம்.

தேர்வுக்குருவி:
உண்மைதான். "ஒவ்வொரு" போட்டுச் சொல்லிப் பார்த்தாலே விடை தெரிந்துவிடுகிறது. நாளைக்கு மாதிரித் தேர்வில் இதைத்தான் செய்யப் போகிறேன்.

சாக்பீஸ்:
நைதருக்கு மட்டும் அந்த வித்தை பலிக்காது, கவனம். "இரண்டு பேரும் வரவில்லை" என்று தமிழ் பன்மையில் சொல்லும், ஆங்கிலம் "நைதர் ஹேஸ் கம்" என்று ஒருமைக்குப் போகும்.

வெட்டிப்பேச்சு:
வெள்ளைக்காரன் போய் எத்தனை காலம் ஆயிற்று, இன்னும் அவன் ஈச்சையும் ஈயையும் அடித்துக்கொண்டிருக்கிறீர்கள். புரிந்தால் போதாதா?

பனியன்சிட்டி:
புரியாததால்தானே இந்த இழையே வந்தது அண்ணா.

கறுப்புக்கோட்டு:
நான் வக்கீல். எங்கள் ஆவணங்களில் "ஈச் அண்ட் எவ்ரி" என்று ஜோடி போட்டு எழுதுவது வழக்கம். எவ்ரி மட்டும் போட்டாலே போதும் என்று எனக்குத் தெரியும், ஆனால் கட்சிக்காரருக்கு ஒற்றைச் சொல்லில் திருப்தி வராது.

தேர்வுக்குருவிக்கு ஒரு சுவாரசியம். அரசியலமைப்பில் உரிமை பேசுகிற 19-ஆம் பிரிவு "ஆல் சிட்டிசன்ஸ்" என்று தொடங்கும். 1976-இல் 42-ஆவது திருத்தத்தில் சேர்த்த 51-ஏ, அடிப்படைக் கடமைகள், அங்கே "எவ்ரி சிட்டிசன்". உரிமையை ஊருக்கே கொடுத்துவிட்டு, கடமையை மட்டும் ஆளாளுக்கு வீட்டு வாசலில் வந்து கொடுத்தது மாதிரி இருக்கும். எழுதினவர்கள் அப்படி நினைத்து எழுதினார்கள் என்று சொல்லவரவில்லை. வாக்குரிமை பேசுகிற 326-இல் "எவ்ரி பர்சன்" வருகிறது, அதுவும் உரிமைதானே.

தேர்வுக்குருவி:
அருமை சார். அப்படியே இதையும் கேட்டுவிடுகிறேன். "எவ்ரி பர்சன் மஸ்ட் பிரிங் ஹிஸ் ஐடி" என்று எழுதுவதா, "தேர் ஐடி" என்று எழுதுவதா? கோச்சிங்கில் ஹிஸ் என்கிறார்கள். ஹால் டிக்கெட் குறிப்பில் தேர் என்று இருந்தது.

கறுப்புக்கோட்டு:
சட்டத்தில் ஹிஸ் போட்டுப் பழகியதற்குக் காரணம் உண்டு. 1850-இல் பிரிட்டிஷ் பாராளுமன்றம், ஆண்பால் சொல் பெண்பாலையும் குறிக்கும் என்று சட்டமே போட்டது. நம் ஊரில் ஜெனரல் கிளாசஸ் ஆக்ட், 1897, 13-ஆம் பிரிவும் அதையே சொல்கிறது. ஒருமை பன்மையையும் குறிக்கும் என்றும் அங்கேயே இருக்கிறது. இலக்கண வாத்தியார்கள் பாடுபட்டுப் பிரித்ததை ஒரே வரியில் சேர்த்துவிட்டார்கள்.

சாக்பீஸ்:
வக்கீல் சாரிடம் வாத்தியார் எப்போது ஜெயித்திருக்கிறார்!

தம்பி, எவ்ரிக்குப் பின்னால் தேர் வருவது இன்றைய நாகரிகம் இல்லை. ஷேக்ஸ்பியர் எழுதியிருக்கிறார், ஜேன் ஆஸ்டின் எழுதியிருக்கிறார். ஆண்பெண் தெரியாத ஒருவரைச் சொல்ல ஆங்கிலத்தில் ஒழுங்கான ஒருமைச் சொல் இல்லை, அதனால் பன்மையிடம் கடன் வாங்கினார்கள். நமக்கு அந்தச் சிக்கலே கிடையாது, "ஒவ்வொருவரும் தம் அடையாள அட்டையை" என்று எழுதிவிட்டுப் போய்விடுவோம்.

கடற்படையில் மட்டும் ஹிஸ் கச்சிதமாகப் பொருந்தியது. 1805 அக்டோபர் 21, டிரஃபால்கர் சண்டைக்கு முன் பிரிட்டிஷ் கடற்படைத் தளபதி நெல்சன் கொடியேற்றிச் சொன்ன செய்தியில் "எவ்ரி மேன் வில் டூ ஹிஸ் டியூட்டி" என்று வரும். எவ்ரி, மேன், ஹிஸ் எல்லாவற்றுக்கும் கொடிக் குறியீடு இருந்தது. டியூட்டிக்கு மட்டும் இல்லை, எழுத்தெழுத்தாகக் கொடி ஏற்றினார்கள். ஒவ்வொருவரையும் தனித்தனியாகத் தொட்டு, அதே சமயம் ஒருவனையும் விடாமல் சொல்ல வேண்டிய இடம் அது. "ஈச் மேன்" என்றிருந்தால் அந்த வீச்சு வந்திருக்காது.

வெட்டிப்பேச்சு:
ஐதரா, ஈதரா? அதையாவது சொல்லுங்கள்.

சாக்பீஸ்:
இரண்டும் சரி. அதாவது, "ஐதர் இஸ் ஃபைன்".

வெட்டிப்பேச்சு:
இப்போது அது ஒன்றா இரண்டா?

இரவுப்பணி:
அண்ணாவுக்குப் புரிந்துவிட்டது!

தேர்வுக்குருவி:
கடைசியாக ஒன்று. "ஈச் அதர்" இரண்டு பேருக்கு, "ஒன் அனதர்" இரண்டு பேருக்கு மேல் என்று எல்லா கைடிலும் இருக்கிறது. இதுவும் பழைய பாக்கியா?

சாக்பீஸ்:
அந்தப் பாகுபாட்டுக்கு வரலாற்று ஆதாரமும் இல்லை, பயனும் இல்லை என்று ஆங்கிலச் சொல்வழக்கு அகராதி போட்ட ஃபௌலரே 1926-இல் எழுதிவிட்டார். கைடு போடுகிறவர்கள் இன்னும் அந்தப் பக்கத்துக்கு வரவில்லை. தேர்வில் கைடு சொல்வதைப் போடுங்கள். வெளியே இரண்டையும் மாற்றி மாற்றிப் பயன்படுத்துங்கள், யாரும் கேட்க மாட்டார்கள்.

பனியன்சிட்டி:
இழையைத் திரும்பவும் எழுப்புவதற்கு மன்னிக்கவும். புதிய ஆர்டர் வந்திருக்கிறது. மூன்று கலர், நான்கு சைஸ். பெட்டிக்கு "2 பீசஸ் ஈச்" என்று மட்டும் போட்டிருக்கிறார்கள். சூப்பர்வைசர் அண்ணன் பெட்டிக்கு 6 என்கிறார், நான் 24 என்கிறேன். குவாலிட்டி அக்கா இந்தத் தடவை வாயைத் திறக்கவில்லை.

கோட்பாடு404:
8 கூட வரும். கலருக்கு இரண்டு என்றால் 6. சைஸுக்கு இரண்டு என்றால் 8. கலரும் சைஸும் சேர்ந்த ஒவ்வொரு ஜோடிக்கும் இரண்டு என்றால் 12 ஜோடி, 24. லூப் எதன் மேல் ஓடுகிறது என்று சொல்லாமல் விட்டுவிட்டார்கள்.

சாக்பீஸ்:
ஈச்சின் குறையே இதுதான், பின்னால் தனியாக வந்து நின்றால் யாரைப் பார்த்து நிற்கிறது என்று தெரியாது. "தலா 2" என்று தமிழில் எழுதினாலும் இதே கதைதான். இதைச் சொல்லை வைத்துத் தீர்க்கப் பார்க்காதீர்கள். கலரைக் கீழே, சைஸை மேலே போட்டு ஒரு கட்டம் வரையுங்கள், ஒவ்வொரு கட்டத்திலும் எண்ணை எழுதுங்கள், ஓரத்தில் மொத்தம் போடுங்கள். அதை மெயிலில் இணைத்து "ப்ளீஸ் கன்ஃபர்ம்" என்று மட்டும் கேளுங்கள்.

பனியன்சிட்டி:
போட்டாயிற்று சார். மொத்தம் 24 என்று போட்டுத்தான் அனுப்பியிருக்கிறேன். அண்ணனுக்கு அதில் இன்னும் வருத்தம்.